நூறு என்றால் எவ்வளவு உயரம்

ஹோபார்ட்
ஆகஸ்ட் 4

அன்புத் தம்பி பாசிலுக்கு,

அக்கா டோரிண்டா எழுதுகிறேன். நான் நலம். குளிரைத் தவிர வேறு நோய் எதுவும் இல்லை. நீயும் மாவிஸும் பிள்ளைகளும் சுகமா? மாவிஸின் பல்வலி என்ன ஆயிற்று? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் அக்காவிடம் தம்பி மரியாதைக்கு ஒதுங்கியே பேச வேண்டும் என்கிற நம் தீவு வழக்கத்தில் வளர்ந்த நாம் போனை எடுத்தால் பாதி நேரம் இருமலும் செருமலுமாகப் போய்விடும். மின்னஞ்சல் என்றால் எனக்கும் வாய் நீளும், உனக்கும் நாலு வரி வரும்.

செய்தி இதுதான். மூன்று வருடமாக நாங்கள் செய்துவந்த வானிலைப் படம் வரையும் மென்பொருள் போன வாரம் வெளியே போய்விட்டது. சாண்டோ விமான நிலையத்தில் உங்கள் கம்பெனிச் சுவரில் இருக்கும் திரையிலும் இனி அதுதான் ஓடும். மேகம், காற்று, நம் எரிமலை கக்கும் சாம்பல் எல்லாம் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று பக்கவாட்டில் வெட்டிக் காட்டும். அதில் உயரத்தைக் காட்டும் அச்சு முழுக்க உன் அக்காவின் வேலை.

அந்த உயரம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. வானிலைக்காரர்கள் உயரத்தைக் காற்றழுத்தத்தால் சொல்வார்கள். கடல் மட்டத்தில் ஆயிரம், மேலே போகப் போக எண் குறையும். விமானிகள் நீங்கள் நூறு நூறு அடியாக எண்ணுவீர்கள், மேலே போகப் போக எண் கூடும். இன்னும் சிலர் மீட்டர். வரும் கோப்பில் எண் இருக்கும். அது எந்த அலகு என்று எழுத வேண்டிய கட்டம் பாதி நேரம் காலியாக இருக்கும். எல்லோரையும் கெஞ்சி அலுத்துவிட்டது. கடைசியில், அலகு இல்லாவிட்டால் மென்பொருளே எண்ணைப் பார்த்து ஊகித்துக்கொள்ளும்படி ஒரு விதி எழுதிவிட்டேன். சோதித்தேன், கச்சிதமாக இருந்தது. எங்கள் தலைவி கிரேட்டா அன்று எல்லோருக்கும் கேக் வாங்கிவந்தாள்.

திரை வந்ததும் பார்த்துவிட்டு எழுது. புகழ்ந்து எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் மேல் பிரியமுள்ள அக்கா,
டோரிண்டா

சாண்டோ
செப்டம்பர் 9

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

பாசில் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். மாவிஸ் பல்லைப் பிடுங்கியாயிற்று. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

உங்கள் திரை வந்துவிட்டது. நிறங்கள் நன்றாக இருக்கின்றன. எல்லோரும் நின்று பார்க்கிறார்கள்.

இப்போது எனக்குத் தரையில்தான் அதிக வேலை. முன்பெல்லாம் பயணிகள் எனக்கு எடைக் காகிதத்தில் ஓர் எண். இப்போது ஒவ்வொருவராகத் தராசில் ஏறும்போது முகம் பார்க்கிறேன். நேற்று ஓர் உபதேசியார் ஏறினார். "எழுபது கிலோன்னு போட்டுக்கப்பா, இறங்கிடறேன்" என்றார். முள் தொண்ணூற்று நாலில் நின்றது. "ஐயா, பைபிளைக் கீழ வெச்சிட்டு ஏறுங்க" என்றேன். வைத்துவிட்டு ஏறினார். தொண்ணூற்று மூன்று.

மலை இப்போதும் புகைகிறது. வீட்டுக் கூரையை வாரம் ஒருமுறை கழுவுகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
தம்பி பாசில்

ஹோபார்ட்
செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். வீட்டில் எல்லோரும் நலம் என்பதில் அதைவிடச் சந்தோஷம். எனக்கும் ஒரு குறையுமில்லை.

நிறங்கள் நன்றாக இருக்கின்றனவா? மூன்று வருடம் உயிரைக் கொடுத்து உயரத்தைச் சரிசெய்தவளிடம் வந்து நிறத்தைப் புகழ்கிறாய். நிறம் போட்டவன் பக்கத்து மேசைக்காரன். அவனிடம் சொன்னேன், நாள் முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிகிறான்.

உபதேசியார் கதையை அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. கேப்டன் எதற்குத் தராசடியில் நிற்கிறான்? ஆள் பற்றாக்குறையா? உன் கடிதம் என்றால் எந்தத் தீவில் எந்தப் பக்கம் காற்று அடித்தது, எந்த ஓடுபாதையில் பன்றி குறுக்கே வந்தது என்றுதான் இருக்கும். இதில் ஒரு பயணம்கூட இல்லையே.

பதில் போடு. மாவிஸுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.

அக்கா,
டோரிண்டா

ஹோபார்ட்
அக்டோபர் 10

தம்பி,

நலமா? நான் நலம். ஒரு மாதமாகப் பதில் இல்லை. தராசில் ஏறுகிறவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் எனக்குக் கொஞ்சம் ஒதுக்கு.

டோரிண்டா

சாண்டோ
அக்டோபர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

மாவிஸ் எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் உடம்பளவில் இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பள்ளி அலுவலகக் கணினியில் உட்கார்ந்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் அப்போது அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன், காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அதனால் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

அண்ணி, அவரைப் பறக்க விடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் மாகாண விளையாட்டுக்குப் போகும் பெண்கள் பந்துக் குழுவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அரை வழியில் கந்தக நாற்றம் வந்ததாம், கண்ணாடியில் பொடி உரசுகிற சத்தம் கேட்டதாம். அப்படியே திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். குழு ஆட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை, போட்டி போயிற்று. அவர்கள் ஊர்க்காரர்கள் இன்னும் ஆறவில்லை.

கம்பெனியில் தலைமை விமானி ஆல்வின் திரையைக் காட்டிக் கேட்டாராம். "சாம்பல் அம்பத்து மூணாயிரம் அடியில நிக்குது. நீ பறந்தது ஒன்பதாயிரத்துல. நாப்பத்து நாலாயிரம் அடி இறங்கி வந்து உன் மூக்குல மட்டும் ஏறிச்சாய்யா?" இவர் விமானத்தை உடனே பிரித்துப் பார்க்கச் சொன்னார். அதற்குள் மழையடித்துக் கழுவிவிட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை. பயந்துபோய்விட்டார், நரம்பு தளர்ந்துவிட்டது என்று எழுதி, தராசில் நிறுத்திவிட்டார்கள். நவம்பர் ஆறாம் தேதி விசாரணை. அதில் பயந்தவர்தான் என்று முடிவானால், இனி ஜென்மத்துக்கும் அந்தக் கம்பெனியில் விமானம் கிடையாது. நம் தீவுகளுக்குப் பறப்பது அந்த ஒரு கம்பெனிதான்.

சந்தைக்குப் போனால் என்னையும் விடமாட்டேன் என்கிறார்கள். கீரை விற்கிறவள் நேற்று, "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, என் கீரை வாடை அடிச்சா விமானத்தைத் திருப்பிடப் போறாரு" என்றாள். பத்து பேர் சிரித்தார்கள். வீட்டில் அவருக்கு ஒரே வேலை. கூரையைக் கழுவுகிறார், கழுவின கூரையையே மறுபடி கழுவுகிறார்.

அண்ணி, எனக்குத் திரையும் தெரியாது, உயரமும் தெரியாது. ஆனால் அன்று அவர் சட்டையைத் துவைத்தவள் நான். தண்ணீர் சாம்பல் நிறத்தில் இறங்கியது. இதை யாரிடம் சொல்வது? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

பணிவுடன்,
மாவிஸ்

ஹோபார்ட்
அக்டோபர் 21, மதியம்

அன்பு மாவிஸ்,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துக்கொள். நீ எழுதியது நல்லதாயிற்று. எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அன்று எரிமலையைக் கண்காணிக்கும் மலை அலுவலகத்திலிருந்து கம்பெனிக்கு வந்த சாம்பல் அறிக்கையின் தாள் எங்காவது இருக்கும், சுவரில் குத்தி வைத்திருப்பார்கள். அதில் சாம்பலின் உயரம் என்று என்ன எண் எழுதியிருக்கிறது, எண்ணுக்குப் பக்கத்தில் ஏதாவது எழுத்து இருக்கிறதா, பார்த்து அப்படியே எழுது. நீயாக எதையும் சேர்க்காதே.

டோரிண்டா

சாண்டோ
அக்டோபர் 22

அண்ணிக்கு,

எல்லோரும் நலம். நாளைக்கு ஊருக்குப் போகிறவள் மாதிரி மூட்டையுடன் கம்பெனிக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். தராசடியில் நின்ற வீட்டுக்காரர் கண்டுகொள்ளவில்லை.

எண்: 100. பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

மாவிஸ்

ஹோபார்ட்
அக்டோபர் 24

அன்புத் தம்பி பாசிலுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்பதை இந்த முறை நான் கேட்கவில்லை, கும்பிட்டுச் சொல்கிறேன். நீயும் அந்தப் பந்துக்குழுப் பெண்களும் உயிரோடு இருப்பது உன் மூக்கால். என் படத்தை நம்பி மேலே போயிருந்தால் சாம்பல் இன்ஜினை அடைத்திருக்கும், நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்.

மாவிஸைத் திட்டாதே. அவள்தான் எழுதினாள். திட்டினால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பேன்.

அறிக்கையில் இருந்த நூறு, உங்கள் விமானிகள் கணக்கு. பத்தாயிரம் அடி. நீ பறந்த இடத்துக்கு நேர் தலைக்கு மேல். அவர்கள் அலகு எழுதவில்லை, ஏனென்றால் விமானிகளுக்கு அனுப்பும் தாளில் நூறு என்றால் பத்தாயிரம் அடி என்று அவர்களுக்குள் எல்லோருக்கும் தெரியும். கட்டம் காலியாக இருந்ததும் என் விதி ஊகித்தது. ஆயிரத்துக்குள் இருக்கும் எண் காற்றழுத்தமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது. காற்றழுத்தம் நூறாக இருக்கும் இடம் ஐம்பத்து மூவாயிரம் அடி. சாம்பலைத் தூக்கி அங்கே வரைந்துவிட்டது. அந்த விதியை எழுதியது நான். தனியாக நான்.

சோதித்தேன் என்று உனக்குப் பெருமையடித்தேனே. எந்தக் கோப்பில் சோதித்தேன் தெரியுமா? சாம்பல் 300 என்று இருந்த கோப்பில். விமானி சொல்லும் முன்னூறு முப்பதாயிரம் அடி. காற்றழுத்தம் முன்னூறாக இருக்கும் இடமும் முப்பதாயிரம் அடிதான். ஒரு கணக்கு ஏறிக்கொண்டும் மறு கணக்கு இறங்கிக்கொண்டும் போகையில் இரண்டும் சந்திக்கும் ஒரே உயரம் அது. வானம் முழுக்க இடம் இருக்க, போயும் போயும் அந்த ஓர் இடத்தில் சோதித்துவிட்டுக் கேக் தின்றேன்.

மாவிஸின் பதில் வந்த ஒரு மணி நேரத்தில் கிரேட்டாவிடம் சொன்னேன். அன்றைக்கே படம் வாங்கும் எல்லா இடத்துக்கும் எச்சரிக்கை போய்விட்டது, அந்த விதியையும் நிறுத்தியாயிற்று. உங்கள் கம்பெனிக்கு விளக்கமாகத் தனிக் கடிதம் போயிருக்கிறது. கீழே என் கையெழுத்து. கிரேட்டா கேட்காமலே தன் கையெழுத்தையும் பக்கத்தில் போட்டாள். அதெல்லாம் ஒரு மாலைக்குள் முடிந்தது. உனக்கு எழுதத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

பாசில், எனக்குத் தூக்கமில்லை. ஆகஸ்ட் கடைசியிலிருந்து இன்றுவரை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் ஊரிலிருந்து யார் யார் கிளம்பினார்கள்? எத்தனை முறை? தெரிந்ததை எழுது. மறைக்காமல் எழுது.

உன் அக்கா,
டோரிண்டா

சாண்டோ
நவம்பர் 8

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

பாசில் வணக்கத்துடன். எல்லோரும் நலம். விசாரணை முடிந்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்தேன். அதற்காக உங்களைத் தவிக்க விட்டது தப்பு. அதை மாவிஸ் நாலு நாளாக எனக்கு விளக்கிச் சொல்லிவிட்டாள்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். யாரும் கிளம்பவில்லை. சாம்பல் நாட்களில் ஒருவர்கூட கிளம்பவில்லை. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

எப்படி என்று கேட்பீர்கள். திரை என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தினம் காலையில் தீவுகளுக்கு ரேடியோவில் பேசுவேன். "துணி காயப் போட்டிருக்கீங்களா? வெள்ளைத் துணி வெள்ளையா இருக்கா?" என்று கேட்பேன். அங்கே இருக்கும் பெண்கள் என்னைக் கிறுக்கன் என்று நினைத்தார்கள், ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். துணி கறுத்த நாளில் ஆல்வினிடம் போய்ச் சொன்னேன். "மூக்க விட்டுட்டு இப்ப ஊரான் கோவணத்தைப் பார்க்க ஆரம்பிச்சிட்டியா?" என்றார். அதனால் அந்த நாட்களில் தராசு பழுதாகிவிடும். எடை போடாமல் எந்த விமானமும் எழும்ப முடியாது, அது சட்டம். தராசின் அடியில் சின்ன ஊசி ஒன்று இருக்கிறது. நான்கு நாள் அது என் சட்டைப் பையில் இருந்தது. காற்று திரும்பியதும் தராசும் சரியாகிவிடும்.

இதையும் விசாரணையில் சொல்லிவிட்டேன். ஊசியைப் பற்றி எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டேன், அது நியாயம்தான்.

மற்றதெல்லாம் உங்கள் கடிதத்தால் முடிந்தது. ஆல்வின் அதைச் சத்தமாக வாசித்தார். முன்னூறு வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசித்தார். அப்புறம் தராசு பழுதான அந்த நாலு நாளும் எழும்பாமல் நின்ற விமானங்களை விரல் விட்டு எண்ணினார். அதில் இரண்டை அவரே ஓட்டுவதாக இருந்தது. எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஊசிய எங்கய்யா வெச்சிருக்க?" என்றார். விசாரணையில் காட்டக் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். நான் அடுத்த திங்கள் முதல் பறக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஆல்வின் நேராகவே கேட்டார், "அப்ப படம் தப்புங்கிறியா?" என்று. பதினொரு பேர் இருந்தார்கள். படம் யார் செய்தது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும், நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அக்காவின் வேலையைத் தப்பு என்று நாலு பேர் நடுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "படத்தைப் பத்தித் தெரியாதுங்க, என் மூக்குக்குத் தெரிஞ்சது" என்றேன். மற்றதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

வணக்கத்துடன்,
பாசில்

ஹோபார்ட்
நவம்பர் 10

என் அருமைத் தம்பிக்கு,

நான் நலம். உண்மையாகவே நலம். உன் கடிதத்தை மேசையிலேயே படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். நிறம் போடுகிறவன் பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்தான். "யாரும் கிளம்பல, யாரும் கிளம்பல" என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் "நல்லது, நல்லது" என்றான். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் படுத்து மறுநாள் எட்டு மணிக்கு எழுந்தேன்.

இப்போது திட்டு. ஆசையாக நாலு வரி எழுதிவிட்டேன், அதனால் திட்டிக்கொள்கிறேன். உன் மரியாதையைக் கொண்டுபோய் அடுப்பில் போடு. நீ அன்று "படம் தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு மாதம் முன்னால் எனக்குத் தெரிந்திருக்கும். ஊசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு ஊரைக் காப்பாற்றினாய், சரி. மற்ற ஊர்களில் யார் ஊசியை எடுப்பார்கள்? விசாரித்துவிட்டேன், மற்ற இடங்களில் சாம்பல் அறிக்கைக்கு மட்டும் அலகு எழுதியே அனுப்பியிருக்கிறார்கள், தப்பித்தோம். ஆனால் நான் செய்தது தப்பென்றால் பதினொரு பேர் நடுவில் சொல். நூறு பேர் நடுவில் சொல். நான் உயிரோடு இருப்பேன், அவர்களும் இருப்பார்கள். இதுதான் இனி நம் வீட்டு வழக்கம். மூத்தவள் சொல்கிறேன்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நான் அதற்குத் தயாராகத்தான் போனேன். கிரேட்டா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்த விதிய நானும்தானே படிச்சேன், கேக் நானும்தானே தின்னேன். வா, ரெண்டு பேரும் சேர்ந்து மாத்துவோம்" என்றாள். மாற்றிவிட்டோம். இனி கட்டம் காலியாக இருந்தால் மென்பொருள் ஊகிக்காது. ஒன்றும் வரையாது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நிற்கும். நிறைய பேர் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

மாவிஸுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது. எதுவாக இருந்தாலும் அனுப்புகிறேன்.

அக்கா

சாண்டோ
டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பாசில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மாவிஸுக்கு ஒன்றும் வேண்டாமாம். பிறகு யோசித்துவிட்டு, நல்ல சோப்பு இருந்தால் பரவாயில்லை என்றாள்.

நேற்று அந்தப் பெண்கள் பந்துக் குழு மறுபடி என் விமானத்துக்கு வந்தது. நட்பு ஆட்டம் ஒன்றுக்குப் போகிறார்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் தலைவி, "இன்னிக்காவது கொண்டுபோய்ச் சேர்ப்பீங்களா கேப்டன், இல்ல வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கவா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

திரையைப் பார்க்கப் போனேன். மலையிலிருந்து அறிக்கை வந்திருந்தது, பழக்க தோஷத்தில் அலகு எழுதவில்லை. படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நடுவில் ஒரு வரி: "இந்த உயரம் எந்த அலகில் என்று தெரியவில்லை. கேட்டுச் சொல்லவும்." குழுத் தலைவியும் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தாள்.

மலை அலுவலகத்தைக் கூப்பிட்டால் எடுக்க ஆளில்லை. ஆல்வின் வந்து பார்த்தார். "தெரியலன்னா தெரியலதான். உக்காருங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டு, அவரும் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார். முழுதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அங்கிருந்து கூப்பிட்டு, நூற்றெண்பது, நூறு நூறு அடிக் கணக்கு, பதினெட்டாயிரம் என்றார்கள். காற்றும் எங்கள் வழிக்கு எதிர்ப்பக்கம். ஏழாயிரத்தில் பறந்து கொண்டுபோய்ச் சேர்த்தேன். இரண்டுக்கு ஒன்று ஜெயித்தார்களாம்.

உங்களுக்கு எழுத நினைத்தது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் அக்கா. பத்தொன்பது பேர் காத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று புலம்பினார்கள், பசிக்கிறது என்றார்கள். ஆனால் பயந்தவன் என்று யாரும் என்னைப் பார்க்கவில்லை. தெரியாது என்று திரையே முதலில் சொல்லிவிட்டிருந்தது.

உங்கள் தம்பி,
பாசில்